டிவி மாடத்தை இடித்துவிட்டோம், அப்பா

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் சம உரிமைக்காரரான அப்பாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவரில் நீங்கள் ஆசை ஆசையாகக் கட்டிவைத்த டிவி மாடத்தை இடித்துவிட்டோம். செங்கல் செங்கலாகப் பெயர்த்துக் கொல்லையில் கொட்டியாயிற்று. இதைக் கேட்டதும் கத்துவீர்கள் என்று தெரியும். கத்தி முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி, மீதியைக் கேளுங்கள்.

அந்த மாடத்தை நீங்கள் கட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் முதல் கலர் டிவி நம் வீட்டுக்குத்தான் வந்தது. அந்தக் காலத்து டிவிக்கு முகம் இருந்த அளவுக்குப் பின்பக்கமும் இருக்கும். கூடத்தில் ஒரு மேஜை போட்டு வைத்தால் இடம் அடைக்கும் என்று சுவரையே வெட்டி மாடம் வைத்தீர்கள். டிவியின் முகம் கூடத்துக்கு, முதுகு அடுப்படிக்கு. அடுப்படிச் சுவரில் அந்த முதுகுக்காக ஒரு செங்கல் பெட்டி, அடுப்புக்குப் பக்கத்தில், அம்மாவின் நெற்றி உயரத்துக்குச் சரியாக ஒரு மூலையை நீட்டிக்கொண்டு நின்றது. கூடத்துப் பக்கம் தேக்குக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி உங்கள் சட்டைப் பையில்.

அம்மா அடுப்படியில் நின்றபடி அந்தப் பெட்டி வழியாக டிவியைக் கேட்பாள். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். சீரியலில் யாராவது அழுதால் குழம்புக் கரண்டியோடு நின்று, "யாரு செல்வி அழுவுறது, மாமியாளா மருமவளா?" என்று என்னைக் கேட்பாள். இரண்டு எட்டு வைத்தால் கூடம். அந்த இரண்டு எட்டு வைக்க அவளுக்கு உங்கள் அனுமதி வேண்டியிருந்தது. இது உங்களுக்கு எப்போதாவது விசித்திரமாகப் பட்டதா அப்பா?

அந்த டிவியை உடைத்ததும் நீங்கள்தான். குறுவைக்குத் தண்ணீர் திறக்க வாய்ப்பில்லை என்று செய்தி வாசித்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். கையிலிருந்த பித்தளைச் செம்பை அவள் முகத்தில் விட்டெறிந்தீர்கள். டப்பென்று ஒரு சத்தம், கூடம் முழுக்கக் கண்ணாடி, கம்பி கருகுகிற நாற்றம். "சிரிக்கிறா பாரு, நாத்தங்கால் கருகுது, சிரிக்கிறா" என்று ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியைக் குனிந்து குனிந்து பொறுக்கியது அம்மா. அதற்குப் பிறகு வேறு டிவி வாங்கவே இல்லை. நீங்கள் போனில் பார்த்துக்கொண்டீர்கள். அம்மாவுக்குக் கேட்கவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாடத்தில் விதைநெல் பையும் பூச்சிமருந்து டப்பாவும் ஏறின.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி குமரன் அதையெல்லாம் எடுத்துவிட்டு மாடத்தைக் கழுவி, உங்கள் படத்தை வைத்து, சீரியல் விளக்கு போட்டான். தேக்குக் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வேறு. உங்கள் மகன் அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். காலையில் வயலுக்குப் போகும்போது உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

சாவு வீட்டில் என்ன வேண்டும் என்று யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "ஒரு டிவி வாங்கிக் குடு செல்வி. பெரிசா. நான் உக்காந்து பாக்கணும்" என்றாள். வாங்கித் தருகிறேன் என்றேன். ஆனால் வருஷம் திரும்பாமல் வீட்டுச் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று குமரன் சொல்லிவிட்டான். அம்மாவும் சரி என்றாள். உங்கள் தலைத்திவசம் வரைக்கும் பொறுத்தாள். பிண்டம் வைத்து, காக்கைக்குப் போட்டு, பங்காளிகள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மறுநாளே மன்னார்குடியிலிருந்து குட்டியானை வண்டியில் டிவி வந்து இறங்கியது.

மாட்ட வந்தவர் டேப்பைப் பிடித்து மாடத்தை அளந்தார். அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், இதுல போவாதுங்க. இந்தப் பக்கமும் இடிக்குது, அந்தப் பக்கமும் இடிக்குது. உள்ள இவ்ளோ ஆழம் வேற வேஸ்ட்டு. இந்தக் காலத்து டிவிக்குச் சும்மா செவுரு போதும்."

குமரன் உடனே, "இதைத் திருப்பிக் குடுத்துட்டுச் சின்னதா வாங்கிக்கலாம். மாடத்துல அடங்கற மாதிரி. அப்பா படத்தைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்கலாம்" என்றான்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாடத்தை இடிச்சுப்புட்டு செவுத்துல மாட்டு."

அப்பா, நீங்கள் இருந்திருந்தால் காதில் விழுந்ததை நம்பியிருக்க மாட்டீர்கள். 'இடி' என்று அம்மா சொன்னாள். உப்பு போதுமா என்று கேட்கக்கூடப் பயந்தவள். குமரன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்பா கட்டுனதும்மா அது. அவரு கையால செங்கல் எடுத்துக் குடுத்துக் கட்டுனது. எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் அதுல ஒருத்தன் கை வைக்கக் கூடாது" என்று உங்கள் குரலிலேயே சொன்னான். அதே கட்டைக் குரல். தேவி, அதுதான் உங்கள் மருமகள், கையிலிருந்த தட்டைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அந்தப் பழக்கம் அம்மாவிடம் இருந்தது. தேவிக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஊர் படிக்கும், உறவு படிக்கும். படிக்கட்டும்.

அந்த டிவி உடைவதற்கு முந்தி ஒருநாள், வாய்க்கால் தண்ணீருக்காக மேலத்தெருக்காரரோடு வரப்பில் சண்டை. அவர் உங்களைப் பிடித்துச் சேற்றில் தள்ளிவிட்டார் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்குள் வந்தீர்கள். மாடத்தைப் பூட்ட மறந்துவிட்டுப் போயிருந்தீர்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கூடத்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. அடுப்பில் சோறு அடிபிடித்த வாசம். நீங்கள் அவள் கொண்டையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போய், "பாரு, நல்லாப் பாரு" என்று சொல்லி, அந்த மூலையில் அவள் நெற்றியைக் கொண்டுபோய் மோதினீர்கள். ஒரு தரத்தோடு நிறுத்தவில்லை. நான் கொல்லைக் கதவண்டை நின்றேன். வடித்து வைத்த கஞ்சியில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்து பரவியதைப் பார்த்தேன். குமரன் தஞ்சாவூரில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தான்.

உங்கள் துண்டைக் கிழித்து அவள் தலையில் கட்டியதும் நீங்கள்தான். மொபெட்டில் என்னை முன்னால் நெருக்கி ஏற்றி, அவளைப் பின்னால் உட்கார வைத்து மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தீர்கள். போகிற வழியெல்லாம் அழுதீர்கள். அழுதுகொண்டே சொன்னீர்கள், "மூலையில இடிச்சுக்கிட்டேன்னு சொல்லு சரசு. தவறி இடிச்சுக்கிட்டேன்னு சொல்லு." அம்மா அப்படியே சொன்னாள். டாக்டர் நம்பினார். நம்பாமல் என்ன, மூலை அப்படித்தானே நீட்டிக்கொண்டிருந்தது. என் காதைப் பிடித்து அம்மா, "வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன்" என்றாள். நானும் திறக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. சரசுவுக்குக் கண் சரியில்லை என்று தெருவே முடிவு கட்டியது. இத்தனை பெரிய சுவர் தெரியாமலா முட்டிக்கொள்வாள்? நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, இலவசக் கண் முகாமுக்கு அவளை அழைத்துப்போய் வம்படியாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டீர்கள். நன்றாகத் தெரிந்த கண்ணுக்குக் கண்ணாடி! அதைப் போட்டால் அவளுக்குத் தலை சுற்றும். ஆனாலும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போவாள், உங்கள் மானத்தைக் காப்பாற்ற. அடப்பாவி அப்பா, அந்த மூலையைக் கொஞ்சம் கொத்தி மழுக்கிவிடவாவது உங்களுக்குத் தோன்றவில்லையே!

இதே நீங்கள்தான் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, வெள்ளத்தில் ரோடு முழுகிக் கிடக்க, இடுப்புத் தண்ணீரில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். உங்கள் உச்சந்தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தலை வாசமும் எனக்குத் தெரியும், அந்தக் கஞ்சி நிறமும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். குமரன் கத்திவிட்டுப் போனதும் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் சம்பா நடவுக்கு ஆள் விட்டிருப்பதாகக் குமரன் வயலுக்குக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் அம்மா உங்கள் படத்தை மாடத்திலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, பீரோ மேல் வைத்தாள். கொத்தனார் அந்தோணி கொல்லை வழியாக உளி சம்மட்டியோடு வந்தார். எப்போது சொல்லி அனுப்பினாளோ தெரியாது.

"எங்கேருந்துக்கா ஆரம்பிக்க?" என்று கேட்டார். "அடுப்படிப் பக்கத்துலேருந்து" என்றாள் அம்மா.

முதல் அடி விழுந்ததும் அடுப்பு மேடையில் இருந்த டம்ளர்கள் எல்லாம் குதித்தன. காரை பொலபொலவென்று கொட்டியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு அடிக்கும் இன்னும் போடு இன்னும் போடு என்றிருந்தது. தேவியும் நானும் சட்டியில் கல்லை அள்ளினோம். பெட்டியின் மேல்பக்கம் கொஞ்சம் போனது. அந்த மூலை மட்டும் அசையவில்லை. சிமெண்டைக் குறைக்காமல் போட்டிருக்கிறீர்கள்.

யாரோ வயலுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குமரன் முழங்கால் சேற்றோடு வாசல் வழியாக ஓடி வந்தான். கூடமெல்லாம் சேற்றுக் கால். வந்த வேகத்தில் அந்தோணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். சம்மட்டியைப் பிடுங்கிக் கொல்லைப் பக்கம் வீசினான். அது தண்ணீர்த் தொட்டியில் பட்டு, தொட்டி விரிசல் விட்டுத் தண்ணீர் கொட்டியது.

"எவன்டா உன்னைக் கூப்பிட்டான்? எங்கப்பன் வீட்ல கை வைக்கறியா?"

"அம்மாதாங்க கூப்பிட்டாங்க. சட்டைய விடுங்க, கிழியுது" என்றார் அந்தோணி.

தேவி பதறிப்போய்க் குறுக்கே வந்து அவன் கையைப் பிடித்தாள். "என்னாங்க இது, விடுங்க, அவரு என்ன பண்ணுவாரு?"

"போடி அந்தாண்ட!" என்று குமரன் கையை உதறினான். உதறினான் என்று இப்போது சொல்கிறான். நான் பார்த்தேன், அப்பா. தள்ளினான். கீழே கொட்டிக் கிடந்த காரையில் தேவிக்குக் கால் வழுக்கியது. அவள் தலை போன இடம் அந்த மூலை.

ஆனால் தலை மூலையில் படவில்லை. நடுவில் அம்மாவின் கை இருந்தது. உள்ளங்கையை விரித்து அந்த மூலையை மூடியிருந்தாள். தேவியின் தலை அந்தக் கையில் மோதி, கை மூலையில் மோதி, உள்ளங்கை பிளந்தது. எங்கள் யாருக்கும் கண்ணில் படுவதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் குமரனை அறைந்தேன். யோசிக்கவே இல்லை. பளாரென்று விழுந்தது. அவன் திருப்பிக் கையை ஓங்கினான். அப்போது அம்மா, ரத்தம் முழங்கை வரை வழிய, எங்கள் நடுவில் வந்து நின்று தலையில் இருந்த முக்காட்டை இழுத்துவிட்டாள். காரை தூசிக்காகப் போட்டிருந்த முக்காடு.

"அடி. அக்காவ எதுக்கு அடிக்கற, என்னை அடி. எடம் தெரியலன்னா சொல்றேன், இந்தா இங்க. உங்கப்பா எங்கொண்டையப் புடிச்சு இதே மூலையிலதான்டா மோதுனாரு. நீ உம் பொண்டாட்டிய மோது. உம் மவளக் கட்டிக்கப்போறவன் வந்து அவள மோதட்டும். அதுக்குத்தானே இத வச்சுக் கும்புடுற?"

இதற்குள் வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

குமரனுக்கு ஓங்கிய கை இறங்கவே இல்லை, அப்படியே நின்றான். "பொய் சொல்லாதம்மா. நீயேதான் இடிச்சுக்கிட்டேன்னு சொன்னே. எங்கிட்டயே சொன்னே."

"ஆமா சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னேன். ஒங்கிட்ட சொன்னேன். எங்கம்மாகிட்டகூட அதத்தான் சொன்னேன். வேற என்னடா சொல்லச் சொல்ற? நீ அப்பா அப்பான்னு லீவுக்கு ஓடி வருவ. ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். குமரன் கொல்லைப் பக்கம் போய் உடைந்த தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

தேவி அழவில்லை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, கொல்லைப் படியில் நின்று அவன் காதில் விழும்படி சொன்னாள். "நான் அத்தை மாதிரி கிடையாதுங்க. இன்னொரு தடவை எம்மேல கை பட்டுச்சு, செவுரு இடிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். பாப்பாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்." என்ன பொண்ணு அப்பா அவள்! அவளைக் குமரனுக்குக் கட்டிவைத்தபோது வாயாடி என்று நீங்கள் முகம் சுளித்தது நினைவிருக்கிறதா?

அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தோணியைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு சம்மட்டியை எடுத்து வந்து கொடுத்தார். அதைத் தூக்கவே அவளுக்குத் தெம்பு போதவில்லை. முதல் அடி சுவரில் எங்கேயோ பட்டது. அடுத்தது மூலையில் பட்டுத் தெறித்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, போயித்தொலை, போ" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவள் வாயிலிருந்து வந்த வசவையெல்லாம் இங்கே எழுத முடியாது. இவ்வளவு கெட்ட வார்த்தை அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அந்த மூலை பெயர்ந்து விழுந்தபோது அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கி முடித்ததும், "யாருக்காச்சும் காப்பி போடவா?" என்றாள்.

நான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டாள். "எம்மவன் மருமவள தள்ளுனான், நான் தடுத்தேன்" என்றாள் அம்மா. நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அம்மா காலில் விழலாம் போல இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது குமரன் இடிசலையெல்லாம் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் மகனுக்கு அது வராது. அந்தோணி ஓட்டையை அடைத்துப் பூசினார். பூச்சு காயும்வரை தேவி அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. உங்கள் படத்தை எங்கே மாட்டுவது என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "எங்கயாச்சும் மாட்டு. அடுப்படி மட்டும் வேணாம், நான் பொழங்கற எடம்" என்றாள் அம்மா. இன்னும் பீரோ மேலேயே இருக்கிறீர்கள்.

டிவியை மாட்டியாயிற்று. சுவரோடு சுவராக, பெரிதாக, ஜோராக இருக்கிறது. அம்மா முதல் நாள் எதுவும் புரியாமல் விளம்பரத்தைக்கூட விடாமல் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் குமரனின் மகள் யாழினி. அவள் அப்பாயியின் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெற்றியைத் தொட்டாள்.

"அப்பாயி, இதுவும் அன்னிக்குப் பட்டதா?"

"இது பழசுடி கண்ணு. அது வந்து, அப்பாயிக்கு அப்ப கண்ணு சரியாத் தெரியாதா, அந்த மாடத்து மூலையில..." என்று அம்மா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். அந்த வாய்க்கு அது அவ்வளவு பாடமாகியிருந்தது.

நிலைப்படியில் நின்றிருந்த குமரன் உள்ளே வந்து, மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவன் குரல் உடைந்துபோய் வந்தது.

"இல்ல பாப்பா. அது தாத்தா அடிச்சது. இந்தக் கையில இருக்கறது அப்பாவால பட்டது."

யாழினி அவன் முகத்தையே பார்த்தாள். "ஏம்ப்பா?" என்றாள். உங்களுக்காவது தெரியுமா, அப்பா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருஷா வருஷம் உங்கள் திதிக்கு வந்து, உங்களுக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டு இலையில் வைப்பேன். வெள்ளத்தில் என்னைச் சுமந்த கதையை யாழினிக்குச் சொல்வேன், குறைக்காமல் சொல்வேன். மற்றதையும் அதே வாயால் சொல்வேன். குமரனை அறைந்த என் கை இன்னும் காந்துகிறது. அது உங்கள் கை என்று எனக்குத் தெரியும். அதை நான் அடக்கிக்கொள்வேன், அடக்க முடியாமல் போனால் செய்தது நான்தான் என்று சொல்வேன்.

உங்கள் கோபத்தைப் பாதிக்குப் பாதி வாங்கி வந்த மூத்த மகள்,
செல்வி